எழுபது பவுனும் இரண்டு தொட்டிலும்
(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

சென்ற ஆண்டு நாட்டு நலப்பணித் திட்டத்தின் சார்பில், பெற்றோரில்லாத குழந்தைகளுக்காக நாங்கள் உண்டியல் ஏந்தியது நம் கல்லூரித் தோழர்கள் பலருக்கும் நினைவிருக்கும். என் பங்குக்குப் பேருந்து நிலையம் கிடைத்தது. மூன்று மணி நேரம் நின்றேன். முதல் அரை மணி நேரம் வாயே திறக்கவில்லை. கூச்சம். பிறகு பழக்கடைக்காரர் ஒருவர் என்னை அழைத்து ஐந்து ரூபாய் போட்டுவிட்டு, இந்தச் சில்லறையில் எத்தனை குழந்தை தம்பி பிழைக்கும் என்று கேட்டார். கேலியாகக் கேட்டதாகத் தெரியவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பியவர் போலத்தான் முகத்தைப் பார்த்தார். எனக்குப் பதில் வரவில்லை. மாலையில் உண்டியலை உடைத்து எண்ணியபோது நானூற்றுப் பன்னிரண்டு ரூபாயும் ஒரு சட்டைப் பொத்தானும் இருந்தன.

அந்தக் கேள்வி என்னை விட்டுப் போகவில்லை. அதற்கு வீட்டிலும் ஒரு காரணம் உண்டு. என் அப்பத்தாவிடம் யாராவது எத்தனை பிள்ளைகள் என்று கேட்டால் ஒன்பது என்பார். என் தந்தையாரோடு பிறந்து வளர்ந்தவர்களை எண்ணினால் ஐந்து பேர்தான் வருவார்கள். மற்ற நால்வரும் நடக்கப் பழகும் முன்பே போனவர்கள். மூன்று பேர் வயிற்றுப்போக்கிலும் ஒருவர் காய்ச்சலிலும் போனார்கள். அப்பத்தா அவர்களைக் கணக்கிலிருந்து நீக்கியதே இல்லை.

இந்த இரண்டையும் ஒரு நாள் எங்கள் வரலாற்றுப் பேராசிரியை அம்மாவிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். ஐரிஷ் விடுதலை இயக்கம் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்த நேரம் அது. அவர் டாக்டர் கேத்லீன் லின் என்ற பெயரைச் சொல்லி, அந்த அம்மையாரைப் பற்றிப் படித்துப் பார் என்றார். படித்தேன். படித்ததை என் மொழியில் சொல்லவே இந்தக் கட்டுரை.

அயர்லாந்தின் மேற்குக் கோடியில் மேயோ என்றொரு மாவட்டம். கல்லும் சேறும் நிறைந்த மண். உருளைக்கிழங்கை நம்பி வாழ்ந்த மக்கள். 1845-இல் தொடங்கிய பெரும்பஞ்சத்தில் அந்த நாடு பட்டபாட்டை நாம் பாடத்தில் படித்திருக்கிறோம். மேயோ பட்டது அதிலும் அதிகம். 1879-இல் குத்தகை விவசாயிகளின் நிலச் சங்கம் பிறந்ததும் அதே மண்ணில்தான். அங்கே முல்லஃபரி என்ற சிற்றூரில், 1874 ஜனவரி 28-ஆம் நாள் கேத்லீன் பிறந்தார். தந்தை ராபர்ட் லின், புராட்டஸ்டண்ட் திருச்சபையின் பங்குக் குரு. சுற்றிலும் இருந்த ஏழைகளோ பெரும்பாலும் கத்தோலிக்கர். ஆகவே ஊருக்குள் இருந்தும் ஊரோடு ஒட்டாத குடும்பம். குருமனையின் வாசலில் வந்து நின்ற பசியையும் நோயையும் பார்த்தே அந்தச் சிறுமி வளர்ந்தாள். ஊருக்கு ஆறுதல் என்று சொல்ல ஒருவர் உண்டென்றால் அவர் உள்ளூர் மருத்துவர். தானும் அப்படி ஆகவேண்டும் என்று பதினாறு வயதிலேயே முடிவு செய்துவிட்டார்.

பெண்கள் மருத்துவம் படிப்பது அன்று அரிது. டப்ளின் நகரின் அலெக்சாண்ட்ரா கல்லூரியில் படித்துப் பின் மருத்துவப் பள்ளியில் சேர்ந்து 1899-இல் பட்டம் பெற்றார். பட்டம் கொடுத்தார்களே ஒழிய இடம் கொடுக்கவில்லை. அடிலெய்டு மருத்துவமனையில் உறைவிட மருத்துவராக அவர் தேர்ந்தெடுக்கப்பட்டார். ஆனால் பெண் தங்குவதற்கு அறை இல்லை என்று சொல்லி அந்த நியமனத்தைக் கைவிட்டார்கள். இந்தப் பெயரை நண்பர்கள் மறக்க வேண்டாம். பின்னால் மீண்டும் வரும். கண், காது மருத்துவமனையில் முதல் பெண் உறைவிட மருத்துவராக அவர் பணியேற்றார். 1909-இல் அறுவை மருத்துவர்களின் அரசுரிமைக் கல்லூரி அவரை உறுப்பினராக ஏற்றது. இதற்கிடையே ரத்மைன்ஸ் பகுதியில் பெல்கிரேவ் சாலை ஒன்பதாம் எண் வீட்டில் தனியாக மருத்துவமும் பார்க்கத் தொடங்கினார். அந்த வீட்டை இறுதிவரை விடவில்லை.

அன்றைய டப்ளினைப் பற்றி இங்கே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். இல்லையேல் பின்னால் நடந்தது விளங்காது. பிரபுக்கள் லண்டனுக்குக் குடிபெயர்ந்தபின் அவர்களுடைய மாளிகைகளெல்லாம் அறை அறையாக வாடகைக்கு விடப்பட்டு ஒண்டுக்குடித்தன வீடுகளாகிவிட்டன. அலங்காரக் கூரைக்குக் கீழே, ஒரே அறையில் தாய், தந்தை, ஆறு பிள்ளைகள். ஒரு கட்டடத்துக்கே முற்றத்தில் ஒரு குழாய், ஒரு கழிப்பிடம். 1913 செப்டம்பரில் சர்ச் தெருவில் அப்படிப்பட்ட வீடுகள் இடிந்து விழுந்து ஏழு பேர் இறந்தபின் அரசு ஒரு விசாரணை நடத்தியது. 25,822 குடும்பங்கள் ஒண்டுக்குடித்தனத்தில் இருப்பதாகவும், அவற்றுள் 20,108 குடும்பங்களுக்கு ஓர் அறைக்கு மேல் இல்லை என்றும் கணக்குக் கிடைத்தது. அந்த நகரில் பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய ஏழில் ஒன்று முதல் பிறந்தநாளைக் காணவில்லை. கோடைக்காலத்தில் பால் திரிந்தது, ஈக்கள் மொய்த்தன, குழந்தைகள் வயிற்றுப்போக்கில் வாடி விழுந்தன. இதைப் படித்த இடத்தில் நான் புத்தகத்தை மூடிவைத்தேன். அப்பத்தாவின் நால்வர் நினைவுக்கு வந்தார்கள்.

அதே 1913-இல் டப்ளின் முதலாளிகள் தொழிற்சங்கத்தை நசுக்கக் கதவடைப்புச் செய்தார்கள். ஆயிரக்கணக்கான தொழிலாளர் குடும்பங்கள் பட்டினி கிடந்தன. தொழிற்சங்கத் தலைமையகமான லிபர்ட்டி மண்டபத்தில் கஞ்சித்தொட்டி திறந்தார்கள். லின் அம்மையாரும் அங்கே வந்தார். குருவின் மகள், படித்தவர், வசதியான நோயாளிகள் உள்ளவர். இத்தகையவருக்கு அங்கே என்ன வேலை என்று அவருடைய வகுப்பைச் சேர்ந்தவர்கள் முகம் சுளித்திருப்பார்கள். தொழிலாளர் தலைவர் ஜேம்ஸ் கானலியின் குடிமக்கள் சேனையில் இருந்த பெண்களுக்கு அவர் முதலுதவி வகுப்பு எடுக்கத் தொடங்கினார். வகுப்பெடுக்க வந்தவர் கடைசியில் சேனையின் தலைமை மருத்துவ அதிகாரியானார்.

1916 ஏப்ரல் 24, ஈஸ்டர் திங்கள். கிளர்ச்சி வெடித்தது. டப்ளின் நகர மண்டபத்தைப் பிடித்த சிறு படையோடு லின் இருந்தார். அந்தப் படைக்குத் தலைவரான ஷான் கானலி அன்று பிற்பகலே மண்டபக் கூரையில் சுடப்பட்டு விழுந்தார். குண்டுகளுக்கிடையே கூரைமேல் ஏறிப்போய்ப் பார்த்தும் பயனில்லை. இரவில் பிரிட்டிஷ் வீரர்கள் உள்ளே நுழைந்தபோது அங்கிருந்தவர்களில் பதவியில் மூத்தவர் இந்த மருத்துவ அம்மையார்தான். சரணடைவதாக அவர் முன்வந்து சொல்ல, ஒரு பெண்ணிடமிருந்து சரணாகதியை ஏற்றுக்கொள்ளலாமா கூடாதா என்று எதிரிகளுக்கே குழப்பம் வந்துவிட்டதாம். வேலை கேட்டபோது பெண் என்று அறை மறுத்தார்கள்; தோற்றுப்போனபோதும் அதே தடை!

கில்மெய்னம் சிறையில் அவர் அடைபட்டிருந்தார். அதே சிறையில் விடியற்காலைகளில் தோழர்கள் ஒவ்வொருவராகச் சுட்டுக் கொல்லப்பட்டார்கள். விடுதலையாகி வந்தபின் தந்தையின் வீட்டுக் கதவு சில காலம் அவருக்குத் திறக்கவில்லை. திருநாளுக்கு வீடு செல்ல முடியாத வலி எத்தகையது என்பது விடுதியில் தங்கிப் படிக்கும் நண்பர்களுக்கு ஓரளவு தெரியும். ஆனால் இவருக்கு மறுப்பு வந்தது வீட்டாரிடமிருந்தே அல்லவா?

இந்தப் போராட்டக் கதையை இவ்வளவோடு நிறுத்திக்கொள்கிறேன். அதைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். என்னைப் பிடித்து இழுத்தது அதற்குப் பின் வந்த முப்பத்தாறு ஆண்டுகள்.

1918-இன் இறுதியில் உலகத்தையே உலுக்கிய விஷக்காய்ச்சல் அயர்லாந்துக்கும் வந்தது. அங்கு எட்டு லட்சம் பேர் அளவில் படுத்தார்கள். இருபதாயிரத்துக்கும் மேற்பட்டோர் மாண்டார்கள். அப்போது லின் தலைமறைவாக இருந்தார். அக்டோபர் கடைசி நாளில் பிடிபட்டார். நகரத்துக்கு மருத்துவர்கள் போதாத நேரம் அது. டப்ளின் மேயர் தலையிட்டுப் பேச, நோயாளிகளைக் கவனிப்பதற்காக அவர் விடுவிக்கப்பட்டார். ஊசி போட்டார், வீடு வீடாகப் போனார். போன இடமெல்லாம் அவர் கண்டது காய்ச்சலை மட்டுமல்ல. ஈரம் கசியும் அறைகளில், பிறக்கும்போதே பெற்றோரின் மேகநோயைச் சுமந்து பிறந்த குழந்தைகள். பால் கிடைக்காத குழந்தைகள். கிடைத்த பால் கெட்டுப்போனதால் சாகும் குழந்தைகள். ஓராண்டு நிரம்பாத இத்தகைய குழந்தைகளைச் சேர்த்துக்கொள்ள நகரின் மருத்துவமனைகள் தயங்கின.

1919-ஆம் ஆண்டின் தொடக்கத்தில் சில பெண்கள் கூடிப் பேசினார்கள். பெரும்பாலோர் மருத்துவர்கள், ஆசிரியைகள், இயக்கத்தில் பழகியவர்கள். இவர்களில் முதன்மையானவர் மேடலின் பிரெஞ்ச்-முல்லன். இவரும் 1916-இல் துப்பாக்கிச் சத்தத்துக்கிடையே காயம் கட்டியவர், சிறைப்பட்டவர், லின் அம்மையாரின் வாழ்நாள் தோழி, ஒரே வீட்டில் வாழ்ந்தவர். லின் கையில் ஸ்டெதஸ்கோப் என்றால் மேடலின் கையில் கணக்குப் புத்தகம். நன்கொடை இயக்கம் எதுவும் நடக்க இந்த இருவருமே வேண்டும் என்பது என் அனுபவம். எங்கள் உண்டியல் கணக்கை ஒழுங்காக எழுதிய அந்தப் பொருளியல் துறைத் தோழி இல்லையேல் எங்கள் பாடும் திண்டாட்டந்தான்.

சார்ல்மான்ட் தெரு 37-ஆம் எண்ணில் ஒரு பாழடைந்த பெரிய வீடு கிடைத்தது. பெருக்கினார்கள், கழுவினார்கள், வெள்ளையடித்தார்கள். 1919 மே 29-ஆம் நாள் மருத்துவமனை திறந்தது. கையிருப்பு எழுபது பவுன். தொட்டில்கள் இரண்டு.

இரண்டே தொட்டில்! நகரத்தில் ஆண்டுக்கு எத்தனை நூறு குழந்தைகள் சாகின்றன என்று தெரிந்தவர்கள்தாம் இதைச் செய்தார்கள். கணக்குத் தெரியாமல் செய்தது அன்று. பழக்கடைக்காரரின் கேள்வியை டப்ளினிலும் எத்தனையோ பேர் கேட்டிருப்பார்கள். அவர்கள் அதற்குப் பதில் சொல்லிக்கொண்டு நிற்காமல் மூன்றாவது தொட்டிலுக்குப் பணம் தேடப் போய்விட்டார்கள் என்றே எனக்குத் தோன்றுகிறது.

மருத்துவமனைக்குப் புனித அல்ட்டன் என்று பெயர் வைத்தார்கள். ஏழாம் நூற்றாண்டு ஐரிஷ் ஆயர் அவர். கொள்ளைநோயில் தாய்மாரை இழந்த கைக்குழந்தைகளைத் தம் மடத்தில் சேர்த்து வளர்த்தவர். பசுவின் மடிக்காம்பை அறுத்தெடுத்து அதில் பால் நிரப்பிக் குழந்தைகளைச் சப்பவைத்தார் என்பது அவரைப் பற்றிய ஐதீகம். பால்புட்டிக்கு முன்னோடி என்று சொல்லலாமா? ஐதீகம் எப்படியாயினும் பெயர் பொருத்தம்.

இந்த மருத்துவமனைக்கு இன்னொரு விசேஷம் உண்டு. அதை நடத்தியவர்களும் அதில் மருத்துவம் பார்த்தவர்களும் பெண்களே. ஆண் மருத்துவர்களுக்கு அங்கே பணியிடம் இல்லை. மற்ற மருத்துவமனைகள் அறை இல்லை என்று கதவடைத்த இளம் பெண் மருத்துவர்களுக்கு இங்கே வேலையும் பயிற்சியும் கிடைத்தன. எல்லா மதத்துக் குழந்தைகளும் சேர்க்கப்பட்டார்கள். தாய்மார்களையும் வரவழைத்து, பால் காய்ச்சுவது, புட்டி கழுவுவது, குழந்தையைக் காற்றோட்டமாகக் கிடத்துவது எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். காற்றோட்டத்தில் லின் அம்மையாருக்கு அளவுகடந்த நம்பிக்கை. பனிக்காலத்திலும் தாமே மாடத்தில் வெட்டவெளியில் உறங்குவாராம். அயர்லாந்துப் பனியில்! இதில் மட்டும் அவரைப் பின்பற்ற எனக்குத் துணிவில்லை.

பணம் எப்படி வந்தது என்பதை அறியத்தான் நான் மிகவும் ஆவலாக இருந்தேன். 1920-இல் ஒரு புத்தகம் வெளியிட்டார்கள். அயர்லாந்தின் ஓவியர்களும் கவிஞர்களும் கொடுத்த படங்களும் பாட்டுகளும் அடங்கிய புனித அல்ட்டன் நூல் அது. அதை விற்று மருத்துவமனைக்கு நிதி சேர்த்தார்கள். நாட்டில் விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த ஆண்டு அது. இரவில் ஊரடங்கு, பகலில் சோதனை. அந்த நேரத்தில் படப் புத்தகம் விற்றுப் பால் வாங்கினார்கள் என்பதை நினைத்தால் வியப்பாயிருக்கிறது. பின்னர் 1920-களின் நடுவில் லின்னும் மேடலினும் கப்பலேறி அமெரிக்கா போனார்கள். அங்கே குடியேறியிருந்த ஐரிஷ் மக்களிடம் நிதி திரட்டினார்கள். அந்நாட்டுக் குழந்தை மருத்துவமனைகளையும் சுற்றிப் பார்த்துக் கற்றுக்கொண்டு வந்தார்கள்.

நடுவில் அரசியலையும் அவர் விடவில்லை. உடன்படிக்கையை எதிர்த்த தரப்பில் நின்றார். 1923-இல் டப்ளின் மாவட்டத்திலிருந்து நாடாளுமன்றத்துக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டும் கொள்கை காரணமாக இருக்கையில் அமரவில்லை, 1927-இல் தோற்றார். ரத்மைன்ஸ் நகராட்சியில் மட்டும் 1920 முதல் பத்தாண்டுகள் உறுப்பினராக இருந்து, வீட்டுவசதி, சுகாதாரம் என்று பேசிக்கொண்டே இருந்தார். நாடாளுமன்றத்தில் உட்கார்ந்திருந்தால் குழந்தைகளுக்கு இன்னும் அதிகம் செய்திருக்கலாமே என்று எனக்குத் தோன்றுகிறது. பேராசிரியை அம்மா இதை ஏற்கவில்லை. நாங்கள் இருவரும் இன்னும் இதில் உடன்படவில்லை.

1930-இல் அயர்லாந்து அரசு ஒரு சட்டம் கொண்டுவந்தது. மருத்துவமனைகளுக்கு நிதி சேர்க்கக் குதிரைப் பந்தயத்தின்மேல் பரிசுச் சீட்டு நடத்தலாம் என்பது அது. உலகப் புகழ்பெற்ற அந்தச் சீட்டு இங்கிலாந்திலும் அமெரிக்காவிலும் சட்டத்துக்கு மறைவாகக் கூட விற்றது. பணம் கொட்டியது. அதில் பங்கு பெற்ற மருத்துவமனைகளுள் புனித அல்ட்டனும் ஒன்று. கட்டடம் விரிந்தது, தொட்டில்கள் பெருகின. ஆனால் சூதாட்டப் பணத்தில் தருமம் செய்யலாமா என்ற கேள்வியும் எழுந்தது. அந்தப் பணம் எங்களுக்கு வேண்டாம் என்று மறுத்த மருத்துவமனை எது தெரியுமா? முன்னே சொன்னேனே, அதே அடிலெய்டு! ஒரு பெண்ணுக்கு அறை கொடுக்க மறுத்தபோது எனக்கு அதன்மேல் வந்த கோபம், இதைப் படித்தபோது சற்றுக் குழம்பிப்போயிற்று. சீட்டு நடத்தியவர்கள் பெருஞ்செல்வர்களானதும், மக்கள் கொடுத்ததில் பெரும்பகுதி மருத்துவமனைகளுக்குப் போகவில்லை என்பதும் பின்னாளில் தெரியவந்தது. 1987-இல் அது ஓய்ந்தது. லின் அம்மையார் சீட்டுப் பணத்தை ஏற்றார். செத்துக்கொண்டிருக்கும் குழந்தையின் பக்கத்தில் நிற்பவருக்குப் பணத்தின் பிறப்பைப் பார்க்க நேரம் உண்டா? உண்டு என்பாரும் நம் வகுப்பில் இருக்கிறார்கள். இதற்கு ஒரு பட்டிமன்றமே வைக்கலாம்.

இனி இந்தக் கதையில் எனக்கு மிகவும் நெருக்கமான பகுதிக்கு வருகிறேன். புனித அல்ட்டனில் டோரத்தி பிரைஸ் என்றொரு மருத்துவர் இருந்தார். அயர்லாந்தில் காசநோய் வீட்டுக்கு வீடு இருந்த காலம். வெளியே சொன்னால் குடும்பத்துக்கு இழுக்கு என்று மூடி மறைத்த காலம். பிரைஸ் ஜெர்மன் மொழி கற்றுக்கொண்டு அந்நாட்டு மருத்துவ நூல்களைப் படித்தார். ஸ்வீடன் நாட்டு கோதன்பர்க் நகருக்குப் போய், அங்கே குழந்தைகளுக்கு பி.சி.ஜி. என்ற தடுப்பூசி போடுவதைப் பார்த்துவந்தார். பிரிட்டனில் அந்த ஊசியை நம்பாதவர்களே அன்று அதிகம். அதற்குக் காரணமும் இருந்தது. 1930-இல் ஜெர்மனியின் லூபெக் நகரில், ஆய்வுக்கூடத் தவறால் நோய்க்கிருமி கலந்துபோன மருந்தைக் கொடுத்து 72 கைக்குழந்தைகள் இறந்திருந்தார்கள். அந்தச் செய்தி ஆறாத புண்ணாக இருந்தபோது, 1937-இல் புனித அல்ட்டனில் அயர்லாந்தின் முதல் பி.சி.ஜி. ஊசிகள் போடப்பட்டன. தவறியிருந்தால் பதினெட்டு ஆண்டு உழைப்பும் நற்பெயரும் ஒரே நாளில் போயிருக்கும். நன்கொடை கொடுத்தவர்கள் முகத்தில் எப்படி விழிப்பது? துணிந்தார்கள், கவனமாகச் செய்தார்கள், பலித்தது. 1949-இல் அயர்லாந்து அரசு தேசிய பி.சி.ஜி. குழு அமைத்தபோது பிரைஸ் அதன் தலைவரானார். குழுவின் இருப்பிடமும் புனித அல்ட்டனே.

நண்பர்களே, உங்கள் இடது தோளுக்குக் கீழே பாருங்கள். நம்மில் அநேகருக்கு அங்கே ஒரு சிறு தழும்பு இருக்கும். அதே பி.சி.ஜி.தான். நம் கிண்டியில் அந்தத் தடுப்பூசி ஆய்வுக்கூடம் 1948-இல் தொடங்கியது. டப்ளின் குழந்தையின் தழும்பும் நம் தழும்பும் ஒரே மருந்தின் அடையாளம் என்று எண்ணியபோது, அவ்வளவு தூரத்து ஊர் சட்டென்று பக்கத்துத் தெருவாகிவிட்டது.

குழந்தை என்றால் உடம்பு மட்டுமா? நீண்ட நாள் படுக்கையில் கிடக்கும் பிள்ளைகளுக்காக மாண்டிசோரி முறையில் ஒரு விளையாட்டுக் கல்விப் பிரிவும் அமைத்தார்கள். 1934-இல் மரியா மாண்டிசோரி அம்மையாரே நேரில் வந்து பார்த்தார். மருத்துவமனையை ஒட்டியிருந்த இழிந்த குடியிருப்புகளுக்குப் பதிலாகத் தொழிலாளர் குடும்பங்களுக்கு அடுக்கு வீடுகள் கட்டவும் முயற்சி எடுத்தார்கள். நோயைக் குணப்படுத்தி அதே ஈரச்சுவருக்குத் திருப்பி அனுப்பி என்ன பயன் என்பது அவர்கள் வாதம்.

தோல்வியும் இருந்தது. டப்ளினில் ஒரே பெரிய குழந்தைகள் மருத்துவமனை வேண்டும் என்பது லின்னின் நெடுநாள் கனவு. ஹார்கோர்ட் தெருவிலிருந்த குழந்தைகள் மருத்துவமனையோடு புனித அல்ட்டனை இணைக்க 1930-களின் நடுவில் ஏற்பாடு நடந்தது. கத்தோலிக்கப் பேராயர் எட்வர்டு பர்ன் அதை எதிர்த்தார். கத்தோலிக்கக் குழந்தைகள் பெரும்பான்மையான மருத்துவமனை புராட்டஸ்டண்ட் மருத்துவர்களின் கைக்குள் போகக்கூடாது என்பது அவருடைய கவலை. எந்தக் குழந்தையையும் மதம் கேட்டுச் சேர்க்காத ஒருவருக்கு, தம் மதமே தடையாக வந்து நின்றது. இணைப்பு நடக்கவில்லை. பின்னர் திருச்சபையின் ஆதரவில் கிரம்லினில் எழுந்த பெரிய குழந்தைகள் மருத்துவமனை 1956-இல் திறந்தது. லின் அதைப் பார்க்கவில்லை.

1944-இல் மேடலின் இறந்தார். கால் நூற்றாண்டாகக் கணக்குப் புத்தகத்தைத் தாங்கிய கை. அதன்பின் பெல்கிரேவ் சாலை வீட்டில் லின் தனியாக இருந்தார். ஆனாலும் மருத்துவமனைக்குப் போவதை நிறுத்தவில்லை. எண்பது வயதிலும் குழந்தைகளைப் பார்த்தார். 1916 முதலே நாள்தோறும் நாட்குறிப்பு எழுதிவந்தார்; அவை இன்று டப்ளின் மருத்துவர் கல்லூரியில் பாதுகாக்கப்படுகின்றன. விக்லோ மலையில் கிளென்மலூர் பள்ளத்தாக்கில் அவருக்கு ஒரு சிறு குடிசை இருந்தது. அதை நடைப்பயணம் போகும் இளைஞர்கள் தங்குவதற்காக இளைஞர் விடுதிச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டார்.

1955 செப்டம்பர் 14-ஆம் நாள் அவர் மறைந்தார். டீன்ஸ்கிரேஞ்ச் கல்லறையில் இராணுவ மரியாதையோடு அடக்கம் நடந்தது. 1916-இல் யாரிடம் சரணாகதியை ஏற்பது என்று குழம்பினார்களோ, அந்தப் பெண்ணுக்குத் துப்பாக்கிகள் வணக்கம் செலுத்தின. புனித அல்ட்டன் மருத்துவமனை மேலும் ஒரு தலைமுறை நடந்து 1984-இல் மூடப்பட்டது. அதற்குள் டப்ளினில் பச்சிளங்குழந்தை சாவது அரிதாகியிருந்தது.

போன வாரம் ஊருக்குப் போயிருந்தபோது இந்தக் கதையை அப்பத்தாவுக்குச் சொன்னேன். புளி ஆய்ந்துகொண்டே கேட்டார். கிளர்ச்சியும் சிறையும் அவரை அசைக்கவில்லை. மாட்டுக் காம்பில் பால் நிரப்பிய சங்கதிக்கு மட்டும் தலையை நிமிர்த்தினார். அந்தம்மாவுக்கு எத்தனை பிள்ளைகள் என்று கேட்டார். திருமணமே செய்துகொள்ளவில்லை என்றேன். சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, இரண்டு தொட்டில் என்றாயே, மூன்றாவது பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஒருத்தி வந்திருந்தால் எங்கே கிடத்தியிருப்பாள் என்று கேட்டார்.

வரும் சனிக்கிழமை மீண்டும் உண்டியல். இந்தமுறையும் பேருந்து நிலையத்தையே கேட்டு வாங்கியிருக்கிறேன்.